பாப்பாய்: கீரைக்கு முன்னால் ஒரு கோழி இருந்தது

பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமியை அமெரிக்கக் கீரை வியாபாரிகள் தங்கள் விளம்பரத்துக்காகவே உருவாக்கினார்கள் என்கிறார்களே, அது உண்மையா, ஆரம்பத்தில் அந்தப் பாத்திரம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. பாப்பாய் பிறந்தபோது அவன் கையில் கீரை டப்பா கிடையாது. எதிரி ப்ளூட்டோ கிடையாது. ஆலிவ் இருந்தாள், ஆனால் வேறொருவனின் காதலியாக. இன்னும் சொல்லப்போனால் அவன் கதாநாயகனே இல்லை. ஒரே ஒரு கப்பல் பயணத்துக்காகக் கூலிக்குப் பிடித்து வந்த ஆள். நமக்குத் தெரிந்த பாப்பாய் அடுத்த நாலைந்து வருடங்களில், வேறு வேறு ஆட்களின் கைபட்டுச் சிறுகச் சிறுகச் சேர்ந்தவன். எது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் கீரைக் கதையும் தானாகத் தெளிந்துவிடும்.

அவனை வரைந்தவர் எல்சி கிரைஸ்லர் சீகார். 1894-இல் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவோடு வீடுகளுக்கு வண்ணம் அடிக்கப் போனார், உள்ளூர்த் தியேட்டரில் மௌனப் படங்களுக்கு டிரம்ஸ் வாசித்தார், அப்புறம் அதே தியேட்டரில் ஆபரேட்டர் ஆனார். படம் ஓட்டிவிட்டு வீடு திரும்பி, நள்ளிரவுக்கு மேல் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தபால் வழிக் கார்ட்டூன் பாடம் படித்தவர். சிகாகோவுக்குப் போய் முதலில் கிடைத்த வேலை, சார்லி சாப்ளினை வைத்து ஒரு பத்திரிகைத் தொடர் வரைவது. பிறகு ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைக்கு மாறி, அங்கிருந்து நியூயார்க்கில், பத்திரிகைகளுக்குப் படத்தொடர்களை விநியோகிக்கும் அவர்களுடைய கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்குப் போனார். தன் பெயரை உச்சரித்தால் சிகார் சுருட்டுபோல ஒலிக்கும் என்பதால் கையெழுத்துப் பக்கத்தில் ஒரு சுருட்டும் வரைந்துவிடுவார். அந்த மாதிரி குறும்பு மனுஷன்.

1919 டிசம்பர் 19-ஆம் தேதி நியூயார்க் ஈவினிங் ஜர்னலில் அவருடைய ‘திம்பிள் தியேட்டர்’ படத்தொடர் தொடங்கியது. திம்பிள் என்றால் தைக்கும்போது விரல்நுனியில் மாட்டும் குட்டி உறை. பெயருக்கேற்ப ஒரு குட்டி நாடகக் கம்பெனி. நாடகங்களையும் சினிமாக்களையும் கிண்டல் செய்வதுதான் முதலில் நோக்கம். ஒல்லிக்குச்சியாக ஆலிவ் ஆயில், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி என்று தொடங்கி, கொஞ்ச நாளில் ஆலிவின் அண்ணன் காஸ்டர் ஆயிலும் சேர்ந்துகொண்டான். அப்பா கோல் ஆயில், அம்மா நானா ஆயில். குடும்பமே எண்ணெய்க் கடை. கிண்டல் நாடகங்கள் போகப் போகக் குறைந்து, வாரக்கணக்கில் நீளும் சாகசக் கதைகளாகத் தொடர் மாறியது. இப்படியே 9 வருடம் ஓடியது. சுமாரான வெற்றிதான். பாப்பாய் என்ற பெயரே அதுவரை எங்கும் இல்லை.

இனிதான் கோழி வருகிறது. 1928-இல் காஸ்டருக்கு அவன் மாமா ஒரு விசித்திரமான ஆப்பிரிக்கக் கோழியைப் பரிசாகக் கொடுக்கிறார். விஃபிள் கோழி, பெயர் பெர்னிஸ். காஸ்டர் அதை ஒழித்துக்கட்டப் படாதபாடு படுகிறான். எதற்கும் சாகமாட்டேன் என்கிறது. பிறகுதான் விஷயம் தெரிகிறது: அதன் தலையில் உள்ள முடியைத் தடவினால் அதிர்ஷ்டம் அடிக்கும். அதிர்ஷ்டம் கையில் இருந்தால் மனிதன் முதலில் எங்கே போவான்? சூதாட்டத்துக்குத்தான். டைஸ் தீவில் இருக்கும் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்காமலேயே காலி பண்ணிவிடலாம் என்று காஸ்டர் கணக்குப் போடுகிறான். கப்பலும் வாங்கிவிட்டான். ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

1929 ஜனவரி 17 அன்று வந்த அந்தப் படவரியைப் பார்த்தால் இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கும். துறைமுகத்தில் ஒரு ஆள் நிற்கிறான். ஒரு கண்ணில் பார்வை இல்லை, தாடை முன்னால் தள்ளியிருக்கிறது, தோளிலிருந்து முழங்கை வரை குச்சி, அதற்குக் கீழே உருண்டு திரண்ட கை. பார்க்க அழகும் இல்லை, இளமையும் இல்லை. “ஏய், நீ கப்பல்காரனா?” என்று காஸ்டர் கேட்கிறான். “பின்னே, கௌபாய்னு நினைச்சியா?” என்று பதில் வருகிறது. அறிமுகம் அவ்வளவுதான். அறிமுக இசையும் இல்லை, ஆலிவைக் காப்பாற்றும் காட்சியும் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரியிலேயே ஆளின் குணம் முழுவதும் இருக்கிறது: யாருக்கும் பணியமாட்டான், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டான், தன்னைப் பற்றி அவனுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் எத்தனையோ மாற்றினார்கள். இதை யாரும் மாற்றவில்லை.

தீவுக்குப் போகிறார்கள், ஜெயிக்கிறார்கள், திரும்பும் வழியில் ஸ்னோர்க் என்ற வில்லன் பாப்பாயைச் சுட்டுத் தள்ளுகிறான். ஒரு குண்டு அல்ல, பல குண்டுகள். செத்திருக்க வேண்டிய ஆள் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கிப்போய், பெர்னிஸின் தலையை விடாமல் தடவிக்கொண்டே கிடந்து, பிழைத்து எழுந்து, ஸ்னோர்க்கை அடித்து வீழ்த்துகிறான். ஆக, பாப்பாயின் அசாத்திய பலத்துக்கு முதல் காரணம் கோழி. கீரை இல்லை. கீரை வியாபாரிகள் உருவாக்கிய பாத்திரம் என்ற கதை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. விளம்பரத்துக்காகச் செய்தவர்கள் கோழியை வைத்தா தொடங்குவார்கள்?

கதை முடிந்ததும் சீகார் அவனை அனுப்பிவிட்டார். வேலை முடிந்தது, கூலி கொடுத்தாயிற்று. வாசகர்கள்தான் விடவில்லை. அந்த ஒற்றைக்கண்ணன் எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் குவிய, சில வாரங்களில் பாப்பாய் திரும்பி வந்தான். வந்தவன் போகவே இல்லை. 10 வருடம் காதலனாக இருந்த ஹாம் கிரேவிதான் கதையிலிருந்து நழுவிக் காணாமல் போனான். ஆலிவுக்கு முதலில் பாப்பாயைக் கண்டாலே ஆகாது. மெதுவாகத்தான் மனம் மாறினாள். காஸ்டரும் போகப் போக ஓரமாகிவிட்டான். பிறகு தொடரின் தலைப்பிலேயே பாப்பாயின் பெயர் ஏறியது. நிஜ நாடகக் கம்பெனியில் இப்படி நடந்திருந்தால் பழைய நடிகர்கள் வேலைநிறுத்தமே செய்திருப்பார்கள்.

நிஜத்தில் இப்படி ஒருவர் இருந்தாரா என்பது அடுத்து எல்லாரும் கேட்பது. செஸ்டர் ஊர்க்காரர்களைக் கேட்டால், ஃபிராங்க் ‘ராக்கி’ ஃபீகல் என்ற உள்ளூர்க்காரரைச் சொல்வார்கள். வாயில் எப்போதும் புகைக்குழாய், கண்ணில் கோளாறு, யாரோடும் கைகலப்புக்குத் தயார். 1947-இல் அவர் இறந்தார். 1996-இல் அவர் கல்லறைக்குப் பாப்பாயின் உருவம் பொறித்த கல்லே வைத்தார்கள். ஆலிவுக்கும், தொடரில் பின்னால் சேர்ந்த விம்பிக்கும்கூட ஊரில் மூல ஆட்கள் உண்டு என்கிறார்கள். ஆலிவ் ஒரு கடைக்கார அம்மாள். விம்பி சீகார் வேலை பார்த்த தியேட்டரின் மேலாளர், ஹாம்பர்கர் பிரியர். இது ஊர் வழக்குதான், சீகார் எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல. ஆனாலும் விம்பியைப் படிக்கும்போது, இப்படி ஒரு ஆளை நேரில் பார்க்காமல் கற்பனையில் செய்ய முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. “இன்றைக்கு ஒரு ஹாம்பர்கர் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை கட்டாயம் பணம் தருகிறேன்” என்று மரியாதை குறையாமல் கடன் கேட்டு, செவ்வாய்க்கிழமை பக்கம் தலைகாட்டாதவன். உலகத்தில் எந்த ஓட்டல்காரருக்குத் தெரியாத முகம் அது?

1929 இறுதி முதல் 1938 வரை சீகார் வரைந்தவற்றைத்தான் நான் பாப்பாயின் உச்சம் என்பேன். கடல் சூனியக்காரி, ஆலிஸ் என்ற ராட்சசி, 1933-இல் வீட்டு வாசலுக்குப் பார்சலில் வந்து சேர்ந்த ஸ்வீ’பீ குழந்தை, 1936-இல் யூஜின் என்ற மாயப் பிராணி, அதே வருடம் பாப்பாயைவிட மோசமான அவன் அப்பன் என்று வரிசையாக ஆட்களைக் கொண்டுவந்தார். இந்தப் பாப்பாய் கீரையைத் தின்றுவிட்டு ஒருவனை அடித்ததும் முடிந்துபோகும் ஆள் அல்ல. எழுத்து சரியாக வராது, இலக்கணம் கிட்டவே வராது, கோபம் மூக்கின்மேல், கையில் காசு வந்தால் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்பான். ஒரு நாட்டுக்கு ராஜாவாகக்கூட ஆகிப் பார்த்தான். முரடன் என்றால் நிஜமான முரடன். சின்னப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், கொஞ்சம் அடக்கி வரையுங்கள் என்று மேலிடத்திலிருந்தே சொல்லும் அளவுக்கு.

கீரையும் இந்தக் காலத்தில்தான் வந்தது. 1931, 1932 வாக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. 1932-இல் வந்த ஒரு படவரியில், கீரையில் ‘வைட்டமின் ஏ’ இருக்கிறது, அதுதான் மனிதனுக்குப் பலம் தருவது என்று பாப்பாய் தன் கொச்சையில் சொல்கிறான். கவனியுங்கள், வைட்டமின் ஏ. இரும்புச்சத்து என்ற பேச்சே இல்லை. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஒவ்வொரு கதையிலும் கடைசி நிமிடத்தில் டப்பாவைப் பிதுக்கி வாயில் போடும் வழக்கம் பத்திரிகையில் பிறந்தது அல்ல, சினிமாவில் பிறந்தது. நியூயார்க்கில் மேக்ஸ் ஃபிளைஷர், டேவ் ஃபிளைஷர் என்ற சகோதரர்கள் கார்ட்டூன் ஸ்டுடியோ நடத்தினார்கள். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த கார்ட்டூன் பெண் பெட்டி பூப் அவர்களுடையவள்தான். கிங் ஃபீச்சர்ஸிடம் உரிமை வாங்கி, 1933 ஜூலை 14-இல் முதல் பாப்பாய் படத்தை வெளியிட்டார்கள். எடுபடுமோ எடுபடாதோ என்ற பயத்தில் அதைப் பெட்டி பூப் படம் என்ற பெயரிலேயே விட்டார்கள். பெட்டி வருவது ஒரே ஒரு நடனத்துக்கு. அந்த நடனமும் முந்தைய வருடத்துப் படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. மற்றபடி முழுக்கப் பாப்பாய்தான்: ப்ளூட்டோ ஆலிவைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் தண்டவாளத்தில் கட்டுகிறான், பாப்பாய் கீரையை விழுங்குகிறான், எதிரே வரும் ரயிலையே ஒரு குத்தில் நிறுத்துகிறான். ஏழெட்டு நிமிடப் படத்துக்கு இதைவிடக் கச்சிதமான சூத்திரம் அமையாது. யார் அடிப்பது, எதற்காக அடிப்பது, எப்போது அடிப்பது, எல்லாம் முன்கூட்டியே தெரியும். எப்படி அடிப்பான் என்பது மட்டும்தான் புதிது. அதே வருடம் வந்த இன்னொரு படத்தில் ஒரு காளையைக் குத்துகிறான். அது கறிக்கடையாகவே மாறிக் கீழே விழுகிறது.

ப்ளூட்டோவும் இதே கதைதான். பத்திரிகையில் 1932-இல் ஒரே ஒரு சாகசத்தில் வந்து, அடி வாங்கி, போய்விட்ட கடற்கொள்ளைக்காரன். சீகாரின் கதையில் அவ்வளவுதான் அவன் வேலை. சினிமாக்காரர்களுக்குப் படத்துக்குப் படம் அடிவாங்க ஒரு தடியன் தேவைப்பட்டான், இவனை நிரந்தர வில்லனாக்கிவிட்டார்கள். ஆலிவுக்காக இரண்டு பேர் மோதிக்கொள்ளும் முக்கோணம் முழுக்க ஃபிளைஷர் சமையல்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வில்லியம் காஸ்டெல்லோ பேசினார். 1935-இல் ஸ்டுடியோவில், ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் இடைப்படங்களை வரைந்துகொண்டிருந்த ஜாக் மெர்சர் என்ற இளைஞருக்கு வாய்ப்புப் போனது. ஃபிளைஷர் ஸ்டுடியோவில் படத்தை முழுக்க வரைந்து முடித்த பிறகுதான் குரல் பதிவு. வாயசைவு எங்கே இருக்கிறதோ அதற்கு வசனம் பேசி முடித்ததும், மற்ற இடங்களில் மெர்சர் தன் பாட்டுக்கு முணுமுணுக்கத் தொடங்கினார். வாய் அசையாமலே பாப்பாய் தனக்குள் புலம்புவதும், எதிரியைக் கிண்டல் செய்வதும் இப்படி வந்ததுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். பாதி நகைச்சுவை அந்த முணுமுணுப்பில்தான் இருக்கிறது. ஆலிவின் குரல் பெரும்பாலும் மே குவெஸ்டெல், பெட்டி பூப்புக்குப் பேசியவரும் அவர்தான். ‘பாப்பாய் த செய்லர் மேன்’ பாட்டு சாமி லெர்னர் எழுதியது.

1936-இல் வந்த சிந்துபாத் படம் இந்த ஸ்டுடியோவின் சாதனை. சாதாரணப் படங்களைப்போல இரண்டு மடங்கு நீளம், டெக்னிக்கலர், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. சில காட்சிகளில் பின்னணி வரைந்தது அல்ல. சிறிய அளவில் நிஜமாகவே குகையும் பாறையுமாகச் செட் கட்டி, சுழலும் மேடையில் வைத்து, அதன் முன்னால், உருவம் வரைந்த ஒளிபுகும் தாளைக் கண்ணாடியோடு செங்குத்தாக நிறுத்திப் படமெடுத்தார்கள். பாப்பாய் நடக்க நடக்க பின்னால் பாறைகள் ஆழத்தோடு நகரும். கணினி இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த வருடங்களில் அமெரிக்காவில் மிக்கி மவுஸுக்குச் சரியான போட்டி பாப்பாய்தான்.

இப்போது இரும்புச்சத்துக்கு வருவோம். நீங்கள் கேட்ட வதந்திக்கு ஒரு தம்பி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி கீரையின் இரும்பு அளவை எழுதும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிவிட்டார், 10 மடங்கு அதிகம் என்று உலகம் நம்பியது, அதனால்தான் பாப்பாய்க்குக் கீரை கொடுத்தார்கள் என்பது அந்தக் கதை. 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மருத்துவர் வேடிக்கையாக எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவியது. 2010-இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். தசமப் புள்ளிப் பிழைக்கு ஆதாரமே அவருக்குக் கிடைக்கவில்லை. மேலே சொன்ன வைட்டமின் ஏ படவரியை எடுத்துக் காட்டியவரும் அவர்தான். தவறைத் திருத்துவதாகச் சொன்ன கதையே தவறு, அதைச் சரிபார்க்காமல் ஆய்வுக் கட்டுரைகளிலேயே மேற்கோள் காட்டிவந்தார்கள். பாப்பாய் தின்பது நம் கடைகளில் பாலக் என்று விற்கும் கீரை. 100 கிராம் பச்சைக் கீரையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. மோசமில்லை. ஆனால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் கீரை வியாபாரிகளுக்கும் பாப்பாய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு, ஆனால் தலைகீழாக. அவர்கள் அவனை உருவாக்கவில்லை, அவன் பிரபலமான பிறகு அவனுக்குச் சிலை வைத்தார்கள். கீரை விளைச்சலுக்குப் பேர்போன டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டியில் 1937-இல் வைத்த சிலை அது. கற்பனைப் பாத்திரத்துக்கு விவசாயிகள் சிலை வைத்தார்கள் என்றால் லாபம் எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு பாப்பாய் படம் போட்ட டப்பாக் கீரையும் விற்பனைக்கு வந்தது. இதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப்போட்டதில் பிறந்ததுதான் உங்கள் காதுக்கு வந்த கதை.

அதற்குப் பிறகு இறக்கம்தான். சீகார் 1938 அக்டோபரில் இறந்தார், வயது 43. தொடர் பலர் கைமாறி, 1959-இல் அவருடைய பழைய உதவியாளர் பட் சாகெண்டார்ஃபிடம் வந்து சேர்ந்தது. ஃபிளைஷர் ஸ்டுடியோவில் 1937-இல் பெரிய வேலைநிறுத்தம், பிறகு மயாமிக்கு இடமாற்றம், 1942-இல், அவர்கள் படங்களை விநியோகித்துவந்த பாராமவுண்ட் நிறுவனம் சகோதரர்களை வெளியேற்றிவிட்டு ஸ்டுடியோவைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் பாப்பாய்க்கு வெள்ளைக் கடற்படைச் சீருடை மாட்டினார்கள். நாடோடி மாலுமி அரசாங்கச் சிப்பாய் ஆனான். எனக்கு அந்தப் படங்கள் ஒட்டவே இல்லை. படங்கள் வண்ணமயமாயின, ஆள் சாதுவாகிவிட்டான்.

1960 தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் தொலைக்காட்சிக்காக 220 படங்களைச் சுடச்சுடத் தயாரித்தார்கள். பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேலை, அவசரம் கண்ணுக்குத் தெரியும். ப்ளூட்டோ என்ற பெயர் பாராமவுண்டுக்குச் சொந்தம் என்று கிங் ஃபீச்சர்ஸ் தப்பாக நினைத்துக்கொண்டு, அதே தடியனுக்குப் புரூட்டஸ் என்று பெயர் வைத்தது. தங்கள் சொந்தச் சொத்து தங்களுடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை! ப்ளூட்டோவும் புரூட்டஸும் அண்ணன் தம்பியா என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம்.

சின்னதாக இன்னொன்று. 1981-இல் நிண்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோ பாப்பாயை வைத்து ஒரு விளையாட்டு செய்யத்தான் முதலில் திட்டமிட்டார். அப்போது உரிமை கிடைக்கவில்லை. ப்ளூட்டோ இருந்த இடத்தில் ஒரு கொரில்லாவையும், ஆலிவ் இடத்தில் வேறொரு பெண்ணையும், பாப்பாய் இடத்தில் மீசைக்காரத் தச்சன் ஒருவனையும் போட்டார். அதுதான் டாங்கி காங். அந்தத் தச்சன் பின்னாளில் மரியோ ஆனான்.

சரி, இதையெல்லாம் பார்க்க, படிக்க எங்கே தொடங்குவது? 1929-இல் வந்த பாப்பாய் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை தீர்ந்து யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். அதை வைத்து உடனே மலிவான திகில் படங்கள் எடுத்தார்கள், அவற்றை விட்டுவிடுங்கள். சீகாரின் தொடரை ஃபேன்டகிராஃபிக்ஸ் பதிப்பகம் 6 பெரிய தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுதி கோழிக் கதையிலிருந்தே தொடங்குவதால், பாப்பாய் வரப் பல பக்கங்கள் காத்திருக்க வேண்டும். புரட்டித் தள்ளாமல் வரிசையாகப் படியுங்கள், அப்போதுதான் அந்தக் கௌபாய் பதிலுக்குச் சிரிப்பு வரும். படங்களில் 1933 முதல் 1938 வரையிலான கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: 1980-களில் டர்னர் நிறுவனம் அவற்றில் பலவற்றைத் தென்கொரியாவில் கொடுத்து, மேலே வைத்துத் திரும்ப வரையவைத்து வண்ணம் ஏற்றியது. அந்த வண்ணப் பிரதிகள் தொலைக்காட்சிகளில் நிறையவே ஓடின. 1995-க்குப் பிறகு நம்மூர்த் தொலைக்காட்சியில் பாப்பாய் பார்த்தவர்களில் சிலருக்கும் கிடைத்தது இவையாக இருக்கலாம். அசைவுகள் குறைந்து, பின்னணியின் நுணுக்கம் எல்லாம் போய், சப்பென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஃபிளைஷர் படங்கள் சுமார் என்று முடிவுகட்டாதீர்கள். மறுசீரமைத்த கறுப்பு வெள்ளைப் பதிப்புகள் டிவிடியில் வந்திருக்கின்றன, அவற்றைப் பாருங்கள்.